விளிம்பில் தைத்த பெயர்

"ஹலோ... ஓம், ஓம், அம்மாதான். ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன் பிள்ளை, கையிலை ஊசி. பேர் முடிவாச்சோ?"

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில், ஜன்னலோரம் இருந்த விக்ரோரியாவின் மடியில் ஞானஸ்நான உடுப்பு விரிந்து கிடந்தது. அதை உடுத்திய பிள்ளைகளின் பெயரை விளிம்பில் தைப்பது இந்த நாட்டு வழக்கம். மகள் ஷரோனின் பெயர் ஏற்கனவே அதில் இருந்தது. இன்று பேத்தியின் முறை. சில்க்போர்க்கிலிருந்து ஷரோன் பெயரைச் சொன்னால் தைக்கவேண்டியதுதான்.

"என்ன?... அங்... திருப்பிச் சொல்லு... அங்ஹாரட். மருமோன்ரை வேல்ஸ் பேரோ? என்ன கருத்து?... டெனிஷிலை வேண்டாம், தமிழிலை சொல்லு... முன்னுக்கு வாற 'அன்' எண்டால் 'மிக'. பின்னுக்கு அன்பு... மிக நேசிக்கப்பட்டவள். ஓம், ஓம், நல்லாயிருக்குது... வேறை என்ன பாத்தனீங்கள்?... பெட்டையெண்டால் 'குவென்', பெடியனெண்டால் 'குவின்'. வெள்ளையெண்டோ கருத்து? ஐயோ வேண்டாம். என்ரை நிறத்திலை பிறந்ததுக்கு வெள்ளையெண்டு பேர் வைச்சால் கோயிலிலை சிரிப்பினம்... அப்ப மருமோன்ரை பேர், கெதின் எண்டால்?... கறுவலோ? அந்தச் சுண்ணாம்புக்கட்டிக்கோ?"

விக்ரோரியா வாய்விட்டுச் சிரித்தபடி முதல் எழுத்தைத் தைக்கத் தொடங்கினாள்.

"முழுப்பேரைச் சொல்லு... அங்ஹாரட் வெர்க் கெதின். வெர்க் எண்டால்?... மகள். கெதின்ரை மகள். ஓமோம், எங்கடை முறைதான், தேப்பன்ரை பேரும் சேரும்... பிறகு?... பிறகென்ன எண்டு கேக்கிறன்."

ஊசி நின்றது.

"அந்தோனிதாசனோ... இல்லை, கேட்டது. வடிவாக் கேட்டது... உன்ரை குடும்பப் பேர்தான். இங்கை கந்தோரிலை அப்பன் பேரைக் குடும்பப் பேரெண்டு பதிஞ்சு போட்டாங்கள். பதிஞ்சது பதிஞ்சதாக் கிடக்கட்டும். அதைத் தைக்கச் சொல்லி ஆர் சொன்னது?... கெதினோ? தாயின்ரை தேப்பன் பேரும் இருந்தால் வடிவெண்டோ?... ஷரோன், பொய் சொல்லாதை... ம்... ம்... அவரோடை எப்ப கதைச்சனீ?"

ஷரோனுக்குப் பல் முளைக்குமுன் வீட்டை விட்டுப் போன தகப்பன் அந்தோனிதாசன். இப்போது கனடாவில் வேறொருத்தியோடு குடித்தனம். வயோதிபர் இல்லத்தில் முதியவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி, முதுகொடிய உழைத்து மகளை ஆளாக்கியவள் விக்ரோரியா.

"அழுதவரோ? பேரைக் கேட்டு அழுதவர்... அப்ப எனக்கு முந்தி அவருக்குத் தெரியும்... ஞானஸ்நானத்துக்கும் வாறாரோ? நல்லது, வரட்டும்... நான் கத்தேல்லை. என்ரை பேர் எங்கையெண்டும் கேக்கேல்லை. அந்தப் பேர்வரிசையிலையும் தாய்மாருக்கு இடமில்லையெண்டு விளங்குது."

அவள் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"ஒண்டு கேள் பிள்ளை. இந்த உடுப்பிலை உன்ரை பேருக்குப் பக்கத்திலை வரிசையாச் சின்னச் சின்ன ஓட்டை கிடக்குதெல்லோ... ஓம், அதுதான். பூச்சி அரிச்சதெண்டு நினைச்சிருப்பாய். அது பூச்சியில்லை. அந்தோனிதாசன் எண்டு நான்தான் தைச்சது. அவர் போனபிறகு எழுத்தெழுத்தாக் கிளறி எடுத்தனான்... அழாதை. உடுப்பு வரும். அங்ஹாரட் எண்டு மட்டும் தைச்சு வரும். மிச்சத்துக்கு இடம் விட்டிருக்கிறன். வாறவரிட்டை ஊசியைக் குடு. தன்ரை பேரைத் தானே தைக்கட்டும்... இல்லை, வேறை ஒண்டும் இல்லை. வைக்கிறன்."

தொலைபேசியை நிறுத்திவிட்டு, விக்ரோரியா இரண்டாவது எழுத்துக்கு நூல் கோத்தாள்.