அன்று என் படத்தில் கறுப்பு இல்லை

பாத்திரம் தேய்ப்பது எனக்கு அறவே பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் சாவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

மருத்துவமனையில் நான் அல்ட்ராசவுண்ட் பார்க்கிறேன். என் மனைவி அடுத்த அறையில் சி.டி. ஸ்கேன் பார்க்கிறாள். வயிற்றில் அடிபட்டு வருபவர்களை இரண்டிலும் பார்த்து, எது சரியாகச் சொல்கிறது என்று ஒப்பிடும் ஆய்வை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். முதலில் என் அறை, பிறகு அவள் அறை. எனக்குத் தெரியாத காயம் அவளுக்குத் தெரிந்துவிட்டால் அன்றைக்குப் பாத்திரம் எனக்கு, இல்லாவிட்டால் அவளுக்கு. இது நாங்களாக வீட்டில் வைத்துக்கொண்ட பந்தயம்.

அவள் சும்மா ஜெயிக்க மாட்டாள். “உங்க மிஷினுக்கு ரத்தம் கசிஞ்சாத்தான் கண்ணு தெரியும். உள்ள கிழிஞ்சிருந்தா என்கிட்டதான் வரணும்” என்று சொல்லிச் சோப்பை என் கையில் வைப்பாள். அவள் சொல்வது உண்மை. அதனால்தான் எரிச்சல். தலை நரைத்த டாக்டர், ஈரக் கையோடு நின்று பொருமிக்கொண்டிருப்பேன்.

தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த சமயத்தில் அந்த வேன் டிரைவர் வந்தார். ஸ்டியரிங் வயிற்றில் இடித்திருந்தது. ரத்தம் கசிந்திருந்தால் என் படத்தில் கறுப்பாகத் தெரியும். கறுப்பே இல்லை. எனக்கு ஒரே குஷி. அவர் மனைவிதான் தயங்கினார்.

“டாக்டர், இடிச்சது வயித்துல. இவரு இடது தோள் வலிக்குதுங்கிறாரே?”

வயிற்றில் அடிபட்டவருக்கு இடது தோள் வலித்தால் மண்ணீரலைச் சந்தேகிக்க வேண்டும். மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். அடுத்த அறைக்கு அனுப்பினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்பதும் எனக்குத் தெரியும்.

“ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சிருப்பாரும்மா. ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றி இன்னும் சுடுகிறது.

அன்றைக்கு என் மனைவி பாத்திரம் தேய்த்தாள். நான் பக்கத்தில் சாய்ந்து நின்று, தட்டில் பிசுக்குப் போகவில்லை என்று குறை சொன்னேன். மறுநாள் டிரைவரின் மண்ணீரல் முழுதாகக் கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் பெருகி, அவர் வீட்டிலேயே இறந்துபோனார்.

கொன்றது நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். என் மனைவியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் முகத்தில் விழிக்க எனக்குத் துணிவில்லை. சொல்லும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: அன்று என் படத்தில் தப்பே இல்லை. அன்றைய பந்தயத்தில் ஜெயித்தது நான்தான்.