முன்னூற்றறுபதில் ஓடிய இழவு

இணையத்தில் ஒரு வீடியோ மங்கலாக ஓடினால் எல்லோரும் சிக்னலைத்தான் திட்டுகிறார்கள். பாதி நேரம் கோளாறு படத்தை ஏற்றியவனிடம்தான் இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. மல்லசமுத்திரத்தில் கோழிப்பண்ணை நடத்துகிறவனுக்கு இது எப்படித் தெரியும் என்பீர்கள். பண்ணைக்கென்று ஒரு சேனல் வைத்திருக்கிறேன். கோழியின் கொண்டையில் வந்த அம்மைக் கொப்புளத்தைக் காட்டி ஒருமுறை படம் போட்டேன். கொப்புளம் எங்கே என்று ஆளாளுக்குக் கேலி. சின்ன அளவில் ஏற்றியிருந்தேன். நாம் ஏற்றுகிற படத்தை அந்தத் தளம் இன்னொரு முறை நசுக்கும். பெரிய அளவில் ஏற்றினால் நசுக்கிய பிறகும் ஏதோ மிஞ்சும். சின்னதாக ஏற்றினால் புள்ளி, கீறல் எல்லாம் தோலோடு தோலாகக் கரைந்துவிடும். அப்புறம் எவ்வளவு பெரிய டிவியில் போட்டாலும் திரும்ப வராது.

என் அப்பா அப்புசாமி பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். கோழி எருவின் நாற்றத்திலேயே சோறு தின்று வளர்ந்தவன் நான். அது என்னை ஒன்றும் செய்யாது. அவர் அறை குமட்டியது. கடைவாயில் காய்ந்த கஞ்சி, தொண்டையில் கரகரக்கும் சளி, முதுகுப் புண்ணில் கசியும் நீர். உயிரோடு இருக்கும்போதே மனிதன் இப்படி அழுகுவானா என்று இருக்கும். என் மனைவி கிருத்திகா மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோடு நின்றுவிடுவாள். அவளைக் குறை சொல்லமாட்டேன்.

தம்பி கௌசிக் கனடாவில் இருக்கிறான். தினமும் காலையில் வீடியோ காலில் வருவான். அதற்குள் நான் அவரைக் கழுவி, பவுடர் பூசி, சட்டை மாட்டிச் சாய்த்து உட்கார வைக்க வேண்டும். அப்பா தெளிவாக இருக்கிறாரே என்று பூரித்துப் போவான். ஃபோனில் நாற்றம் போகாது, பாருங்கள். பவுடர் முகம் அவனுக்கு, மற்றதெல்லாம் எனக்கு.

அன்றும் எல்லாம் செய்து முடித்திருந்தேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், குடித்த கஞ்சியை அப்படியே என் மடியில் கக்கினார். வெதுவெதுவென்று வேட்டியில் ஊறித் தொடைக்கு இறங்கியது. சீ என்று ஆகிவிட்டது. துண்டை எடுத்தேன். துடைக்கத்தான் எடுத்தேன். வாயில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு நின்றது. நிம்மதியாக இருந்தது, அதனால் எடுக்கவில்லை. வாதத்தில் விழாத கை மட்டும் என் சட்டையைப் பிடித்தது. அதில் அவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அப்போது தம்பி கூப்பிட்டான். அப்பா தூங்குகிறார், அப்புறம் பேசு என்றேன். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கீழுதடு பல்லில் மாட்டிக் கிழிந்திருந்தது. கிழிசல் மறையும்படி தாடைக்கட்டைச் சற்று ஏற்றிக் கட்டிவிட்டேன். இழவுக்கு வந்தவர்கள் அழுதார்கள், ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. தம்பிக்கு உடனே விமானம் கிடைக்கவில்லை. வாய்க்கரிசி போடும்போது அப்பா முகத்தைக் கிட்டத்தில் பார்த்தே ஆக வேண்டும் என்று அழுது, ஸ்டூடியோக்காரன் காளிதாஸிடம் அவனே பேசி நேரலைக்கு ஏற்பாடு செய்துவிட்டான். வாய்க்கரிசிக்குக் கட்டைத் தளர்த்தித்தானே ஆக வேண்டும்? காளிதாஸைத் தனியே கூப்பிட்டேன்.

"இங்க சிக்னல் பத்தாது காளி. படத்தோட அளவக் கொறச்சு முன்னூத்தறுபதுலயே உடு, நிக்காம ஓடட்டும்."

"மொகம் மங்கலாத் தெரியுமுங்கண்ணா. உங்க தம்பி கிட்டத்துல பாக்கோணும்னாருங்க."

"பரவால்ல சாமி, உடு."

அப்படியே ஓடியது. என் ஃபோனில் பார்த்துக்கொண்டேன். உதடும் தாடையும் ஒரே நிறமாகக் குழைந்திருந்தன. தம்பி அதைப் பார்த்தே அழுதான். பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டோம்.

காளிதாஸ் செய்த வேலை எனக்கு இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. தொழில் தெரியாதவன் என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அவனை ஏசினார்களாம். ரோஷம் வந்துவிட்டது. கேமரா கார்டில் பதிந்திருந்த படத்தை அதே பெரிய அளவில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஏற்றித் தம்பிக்கு அனுப்பிவிட்டான்.

தம்பி கூப்பிட்டான். அழவில்லை.

"அண்ணா, அப்பா ஒதடு ஏண்ணா கிழிஞ்சிருக்குது?"

அவரே கடித்துக்கொண்டார் என்றேன். பல்லிடுக்கில் பச்சை நூல் தெரிகிறதே என்றான். அந்தப் பச்சைத் துண்டை நான் நன்றாக அலசிக் கொடியில் போட்டிருந்தேன். அப்பாவுக்குப் பின்னால் அதுவும் படத்தில் விழுந்திருக்கிறது, கரை பிய்ந்திருப்பது உட்பட. நான் ஃபோனை வைத்துவிட்டேன். அவன் உங்களுக்குப் பேசிவிட்டான்.

ஆமாம் ஐயா, அப்பாவை நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் படத்தை மங்கலாக்கியதைக் குற்றத்தில் சேர்க்காதீர்கள். அது தம்பிக்காகச் செய்தது. பெற்ற அப்பனை அந்தக் கோலத்தில் பார்க்கிற கொடுமை எந்த மகனுக்கும் வரக் கூடாது.