உயரம் அளந்து உயிர் காத்த எங்கள் இஞ்சு டேப் அக்காவுக்கு

தீவிர சிகிச்சைப் பிரிவின் தூங்கா விளக்கே! அலாரம் அலறும்போது அலறாதவரே! முப்பத்தோர் ஆண்டுகள் பிறர் மூச்சை எண்ணியெண்ணித் தாம் மூச்சுவிட மறந்த மூத்த செவிலியரே! எங்கள் இஞ்சு டேப் அக்கா! வணக்கம்.

தங்கள் பணி ஓய்வு விழா மடலை அடுக்குமொழியில் அமர்க்களமாக எழுத வேண்டும் என்று உத்தரவு. இரண்டு ஷிப்டு தொடர்ந்து பார்த்த கையோடு எழுதுகிறோம். மோனை எங்காவது தடுக்கி விழுந்தால் மன்னித்துவிடுங்கள்.

செயற்கைச் சுவாசக் கருவியில் எந்த நோயாளியை இணைத்தாலும், உச்சி முதல் குதிகால் வரை நாடா பிடித்து அளந்த பிறகே தாங்கள் அடுத்த வேலையைத் தொடுவீர்கள். இதென்ன தையற்கடையா என்று நாங்கள் கேலி செய்யாத நாளில்லை. சிரித்துக்கொண்டே சென்டிமீட்டரைக் குறித்துக்கொள்வீர்கள்.

அந்த லாரி ஓட்டுநரைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. நிமோனியாவில் புண்ணான நுரையீரல், நூற்றைந்து கிலோ உடம்பு. பணியிலிருந்த மருத்துவர் கிலோவுக்கு ஆறு மில்லி என்று எடையைப் பெருக்கி, மூச்சுக்கு அறுநூற்று முப்பது மில்லி காற்று என்று கருவியில் வைத்தார். புண்பட்ட காற்றறைகள் அளவுக்கு மீறி விரிந்து விரிந்து, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உள்ளே தேங்கியது. குழாயில் இளஞ்சிவப்பு நுரை ஏறியது. ஆக்சிஜன் எண்பதுக்குக் கீழே இறங்கியது. வெளியே அவர் மனைவி எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஷிப்டு மாறி வந்த தாங்கள் அளந்தீர்கள். நூற்று ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்.

"டாக்டர், ஆளுதான் குண்டு. நுரையீரல் குண்டாகாது. உயரத்துக்குத்தான் கணக்குப் போடணும்."

பாதிக் காற்று போதும் என்று இரண்டு முறை சொன்னீர்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காற்றை இன்னும் கூட்டச் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். பெரிய மருத்துவருக்குப் போன் போட்டீர்கள், அவர் எடுக்கவில்லை. பிறகு தாங்களே முந்நூற்று இருபதாகக் குறைத்து, மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டி, காற்றறைகள் மூடிக்கொள்ளாதிருக்க, மூச்சு வெளியேறிய பின்னும் உள்ளே நிற்கும் அழுத்தத்தைச் சற்று ஏற்றி வைத்தீர்கள். பதினோராம் நாள் ஓட்டுநர் கருவியிலிருந்து விடுபட்டு, கரகரத்த குரலில் மனைவியிடம் டீ கேட்டார்.

அவர் பிழைத்துக்கொண்டார், தாங்கள் மாட்டிக்கொண்டீர்கள். உத்தரவை மீறிக் கருவியைத் தொட்டதாக விசாரணை வந்தது. முதலில் மருத்துவரிடம் சொன்னேன் என்றீர்கள். சொல்லவே இல்லை என்றார் அவர். எங்களில் நால்வர் அந்தக் கட்டிலருகே நின்றிருந்தோம். நால்வரும் 'கவனிக்கவில்லை' என்று எழுதிக்கொடுத்தோம். பயம்தான் அக்கா, வேறொன்றுமில்லை. தங்களுக்கு வரவேண்டிய தலைமைச் செவிலியர் பதவி அதோடு போயிற்று. மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வந்து, எங்கள் நால்வரையும் பார்த்து, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டீர்கள். அதைத்தான் எங்களால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அருமை அக்கா! நோயின்றி நெடுங்காலம் வாழுங்கள். எந்த அலாரமும் எழுப்பாத தூக்கம் தங்களுக்கு நாள்தோறும் வாய்க்கட்டும். சட்டமிட்டுத் தரும் இத்தாளின் நகல் ஒன்று காலையிலேயே நிர்வாக அலுவலகத்தில் சேர்ந்துவிட்டது. அதில் உள்ளதையே இங்கும் சபையறியச் சொல்கிறோம்: அன்று தாங்கள் இரண்டு முறை சொன்னீர்கள். நாங்கள் கேட்டோம்.

இப்படிக்கு,
அன்று கட்டிலருகே நின்ற நால்வரும்,
தீவிர சிகிச்சைப் பிரிவின் மற்ற ஊழியர்களும்