காலிப் பரண்

...அய்யோ, பாத்து, பாத்து! அதை மிதிச்சிராதே கண்ணு, அது ஃபேன் றெக்கை, காலைக் கிழிச்சிரும். அந்தப் பக்கமும் வைக்காதே, அங்க குழாய் மூட்டை இருக்கு, உருட்டி விட்டுரும். நீ ஒண்ணு பண்ணு, அந்த டிவி மேல உக்காரு. ஆமா, டிவிதான். தைரியமா உக்காரு, உள்ள ஒண்ணும் கிடையாது, வெறும் பொட்டி. வழி விடத்தான் போறேன், வாட்ச்மேன் மஹ்ரூஸ் அண்ணன் வந்து இந்தச் சேரை நகத்தினாத்தான் நீ மேல ஏற முடியும். சேரா? சவரக்கடைச் சேரு. எங்களுது இல்ல. சொல்றேன், சொல்றேன், அதுக்குத்தானே வர்றேன்.

நீ மேல் வீட்டுக்குப் புதுசா வந்த பொண்ணுதானே? என்னமோ பேரு சொன்னாங்களே... நிவீன்! நான் உம்மு ஹாத்திம், ஹாத்திமோட அம்மா. இதோ, இந்தக் கதவு எங்க வீட்டுக் கதவுதான். பூட்டியிருக்கேன்னு பாக்கறியா? உள்ள ஆள் இருக்கு. என் புருஷன்தான். தாழ்ப்பாளைப் போட்டுட்டு டீ குடிக்கிறாரு. கேக்குதா? டிங் டிங்னு... அது கிரிஸ்டல் கிளாஸ்ல ஸ்பூன் படற சத்தம். எனக்கு இங்க நெஞ்சுல படுது.

லிஃப்டா? நல்லா கேட்டே போ! இந்த லிஃப்ட் எப்ப ஓடுச்சுன்னு கெய்ரோவுல இந்த ஷுப்ரா பேட்டையில ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. அதுக்குள்ள ரெண்டாம் மாடி நாஹித் வெங்காயம் கொட்டி வச்சிருக்கா. அதைக் கேக்க ஆள் இல்ல. நான் மாடிப்படியில நாலு சாமான் வச்சா மட்டும் முனிசிபாலிட்டிக்குப் போன் பண்ணுவாளாம். பண்ணட்டும். அவங்க இந்தப் படியெல்லாம் ஏறி வர்றதுக்குள்ள எனக்கு மவுத்தே வந்துரும்.

எல்லாம் என் மகளால வந்தது. ராண்டான்னு பேரு, கட்டிக்கொடுத்து அலெக்சாண்ட்ரியாவுல இருக்கா. போன்ல ஒரு வீடியோ அனுப்புனா. அதுல ஒருத்தி, வெள்ளை வீடு, வெள்ளைச் சோபா, மூலையில ஒரே ஒரு செடி. வீடா அது? ஆஸ்பத்திரி. அவ சொல்றா, ஒரு வருஷமா தொடாத சாமானுக்கு உங்க வீட்டுல இடம் கிடையாது, தூக்கி வெளிய போடுங்க, மனசு லேசாயிரும்னு. எனக்கும் பாத்துப் பாத்து ஒரு வெறி வந்துருச்சு. நோன்பு வேற வருது, வீட்டைத் துடைச்சு எடுத்துரணும்னு கிளம்பிட்டேன்.

பொய் சொல்ல மாட்டேன், முதல்ல என் சமையக்கட்டுலதான் ஆரம்பிச்சேன். ஒரு பை நிறைய பிளாஸ்டிக் பை. ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். எல்லாம் நல்ல பை! எதைப் போடறது? மடிச்சுத் திரும்ப வச்சேன். ஜாம் பாட்டில்... ஊறுகாய் போட ஆகும். மூடி இல்லாத டப்பா... மூடி என்னிக்காவது கிடைக்கும். டப்பா இல்லாத மூடி... சரி விடு. சாயங்காலம் வரை உக்காந்து ஒரே ஒரு கரண்டியைத்தான் தூக்கிப் போட்டேன். ராத்திரி சூப்பு ஊத்தக் கரண்டி இல்லாம குப்பையில இருந்து எடுத்துக் கழுவினேன்.

அப்பத்தான் தலையைத் தூக்கிப் பாத்தேன். பரண்! பாத்ரூமுக்கு மேல இருக்குல்ல, உங்க வீட்டுலயும் இருக்குமே. அது பூராவும் அவரு சாமான். ரயில்வேல எலக்ட்ரிக் செக்ஷன்ல இருந்தவரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து சேக்கறாரு. செத்த ஃபேன், வாய் பேசாத ரேடியோ, ஒயரு, குழாயி, சக்கரம் இல்லாத சைக்கிள். கேட்டா, "இந்த நாலு ஃபேனையும் பிரிச்சா ஒரு நல்ல ஃபேன் வரும்"பாரு. ஒவ்வொரு கோடையிலயும் நான் அட்டையால விசிறிக்கிட்டே அந்த நல்ல ஃபேனுக்குக் காத்திருப்பேன்.

அவரு இருக்கும்போது தொட முடியுமா? ஜகாஜிக்ல அவரோட அத்தான் ஒருத்தரு மவுத்தாயிட்டாரு. நல்ல மனுஷன், அல்லா அவருக்கு சொர்க்கத்தைக் கொடுக்கட்டும், எனக்கு ரொம்ப உதவி பண்ணிட்டுப் போனாரு. இவரு துக்கத்துக்குக் கிளம்பினாரு பாரு, நான் பால்கனிக்கு ஓடினேன். கீழ பழைய சாமான்காரன், "ரோபா பீக்யா!"ன்னு கத்திக்கிட்டே வண்டியைத் தள்ளிட்டுப் போறான். "யப்பா, மேல வா!"ன்னேன். ஏறி இறங்கி ஏறி இறங்கி அவனுக்கு நாக்குத் தள்ளிருச்சு. பரணைத் துடைச்சேன், சாம்பிராணி போட்டேன். அப்படியே நின்னு பாத்தேன் கண்ணு... சத்தியமா மனசு லேசாத்தான் இருந்துச்சு. அடுத்தவங்க சாமானைத் தூக்கிப் போடறதுல இருக்கற சுகம் இருக்கே!

என்ன, மணி பாக்கறே? உன் வீட்டுக்காரன் வர நேரமாச்சா? வரட்டுமே, அவனையும் இங்கேயே உக்கார வைப்போம்.

அவரு திரும்பி வந்தாரு. நான் சண்டைக்குத் தயாரா இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிக்கறேன். மேல பாத்தாரு. "எங்க?"ன்னாரு. "வித்துட்டேன். வருஷக்கணக்கா தொடாத சாமான், வீட்டுல இடம் கிடையாது"ன்னேன். என்னையே பாத்தாரு. "சரி"ன்னாரு. கை கழுவினாரு, படுத்துட்டாரு. அவ்வளவுதான்! கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், ரெண்டு பேருக்கும் ஜீரணம் ஆயிருக்கும். "சரி"ன்னா அதை என்னன்னு எடுத்துக்கறது?

காலையில டிங்னு ஒரு சத்தம். ஓடி வந்து பாக்கறேன், விருந்தாளி ரூம்ல என் கண்ணாடி அலமாரி திறந்து கிடக்கு. கண்ணு, அந்த அலமாரியில இருக்கறது என் கல்யாணச் சீரு. ஓரத்துல தங்கக் கோடு போட்ட சாப்பாட்டு செட்டு, கிரிஸ்டல் கிளாஸு, மூடி வச்ச சூப்புப் பாத்திரம். வாப்பா தவணை கட்டி வாங்கிக் கொடுத்தது. கல்யாணத்தன்னிக்கு அடுக்கினது, தூசி தட்ட மட்டும்தான் கை படும். இவரு அந்த கிரிஸ்டல் கிளாஸ்ல டீ ஊத்திக் குடிக்கிறாரு. அதுவும் கட்டம் போட்ட பைஜாமாவோட! தங்கக்கால் போட்ட சோபாவுல! சோபாவுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிச்சு மூலையில எறிஞ்சிருக்காரு.

"என்ன பண்றீங்க?"ன்னு அலறினேன். "உன் சட்டம்தானே? ஒரு வருஷமா தொடாதது வெளிய போகணும். பாவம், கல்யாணச் சீரு, வெளிய போயிரக் கூடாதேன்னு தொட்டுக் காப்பாத்தறேன்"ங்கறாரு. சிரிக்கறியா? சிரி, சிரி. உன் வீட்டுலயும் அலமாரி நிறைய அடுக்கித்தானே கொண்டு வந்திருக்கே? நானும் பால்கனியில நின்னு பாத்தேனே.

அதோட விட்டாரா? வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வாட்ச்மேன் மஹ்ரூஸ் அண்ணனையும், கீழ மெக்கானிக் ஷாப் வச்சிருக்கானே ஜாபிர், அவனையும் கூட்டிட்டு வந்துட்டாரு. ஃபூல் சாப்பிட! தெருமுனை வண்டியில வாங்கின மொச்சை, அதைத் தங்கக் கோடு தட்டுல கொட்டி, நடுவுல சூப்புப் பாத்திரம் நிறைய ஊறுகா! ஜாபிரு கிரீஸ் கையை என் எம்பிராய்டரித் துணியில துடைக்கிறான். மஹ்ரூஸ் அண்ணன் பாவம், கிராமத்து மனுஷன், பயந்து போய் சோபா நுனியில ஒட்டிக்கிட்டு இருக்காரு. நான் சமையக்கட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். யாராவது செத்தாக்கூட அப்படி அழுததில்ல, ஜகாஜிக் அத்தானுக்கு அழவே இல்ல.

அப்பத்தான் டமார்னு ஒண்ணு. வெளிய ஓடினேன். சூப்புப் பாத்திரத்து மூடி தரையில நாலு துண்டா கிடக்கு. மஹ்ரூஸ் அண்ணன் கையிலதான் நழுவியிருக்கு. அந்த மனுஷன் மூஞ்சியை நீ பாக்கணுமே... சுண்ணாம்பு மாதிரி. "ஹஜ்ஜம்மா, சம்பளத்துல பிடிச்சுக்கங்க"ங்கறாரு. என் புருஷன் மூஞ்சியிலயும் அன்னிக்குத்தான் முதல் தடவையா பயத்தைப் பாத்தேன். எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க. என் வாய்ல என்ன வந்துச்சு தெரியுமா? "விடுங்கண்ணே, மூடி இல்லாட்டி ஊறுகா எடுக்க வசதிதான்"னு வந்துருச்சு. நானா சொன்னேன்? எனக்கே தெரியல. நாலாவது தட்டைக் கழுவி எடுத்துட்டு வந்து நானும் உக்காந்து சாப்பிட்டேன். மொச்சை நல்லாத்தான் இருந்துச்சு.

அவங்க போனப்புறம் இவரு துண்டெல்லாம் பொறுக்கிக்கிட்டே மெதுவா என் பேரைச் சொல்லிக் கேட்டாரு, "ஏன் இன்ஷிரா, இதெல்லாம் யாரு வரணும்னு வச்சிருந்தே?"ன்னு. நான் யோசிச்சேன். என் மகன் ஹாத்திமோட மாமியார் வீட்டுக்காரங்க வந்தப்ப... பிள்ளைங்க வந்துச்சு, உடைச்சிரும்னு தகரத் தட்டுல கொடுத்தேன். இவரோட ரயில்வே ஆபீஸ் டைரக்டரு வர்றேன்னாரு... வரல. ராண்டாவைப் பொண்ணு பாக்க வந்தப்ப... அது இன்னும் நிச்சயமே ஆகலையேன்னு எடுக்கல. நிச்சயம் ஆனப்ப, இனிமே நம்ம வீட்டு மனுஷங்கதானேன்னு எடுக்கல. வாயைத் திறந்தேன் கண்ணு, பதில் வரல. எனக்கு! என் வாய்க்குப் பதில் வரல! நாஹித்தைக் கேட்டுப்பாரு, அது எவ்வளவு பெரிய விஷயம்னு அவ சொல்லுவா.

அதுக்கப்புறம் பாக்கறேன், இவரு தினமும் டீ குடிச்சுக்கிட்டே பரணைப் பாக்கறாரு. அண்ணாந்து, டீ ஆறிப் போறதுகூடத் தெரியாம. பாத்ரூம் வாசல்ல நாற்காலி போட்டுக்கூட உக்காந்து பாத்தாரு. மனுஷன் ஏங்கிப் போயிட்டாரே, நாலு ஓட்டை ஃபேனுக்காக ஒரு உசுரை வாட்டறோமேன்னு தோணுச்சு. கிளம்பிட்டேன் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு. இந்த முட்டியை வச்சுக்கிட்டு! அந்தக் கூட்டத்துல, வெயில்ல, புறாக் கூண்டுக்கும் பழைய டயருக்கும் நடுவுல தேடித் தேடி அந்தப் பழைய சாமான்காரப் பயலைப் பிடிச்சேன். எங்க ரேடியோவைப் பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுன்னா பாத்துக்கயேன். வீட்டுல இருந்தவரைக்கும் அதைச் செருப்பால அடிக்கணும்னுதான் தோணும்.

அவன் என்ன சொல்றான், "எல்லாம் கலந்து போச்சு ஹஜ்ஜம்மா, பிரிச்செடுக்க எனக்கு நேரமில்ல, எடுத்தா வண்டியோட எடு"ங்கறான். எடுத்தேன்! அதான் இந்த சவரக்கடைச் சேரு. அதான் இந்தக் குழாய் மூட்டை. இதோ இதைப் பாரு, யாரோ ரெண்டு பேரு கல்யாண போட்டோ, ஃபிரேமோட. மாப்பிள்ளை மூஞ்சியைப் பாரு, இப்பவே வெளிய தூக்கிப் போட்டுருவாங்கன்னு தெரிஞ்ச மாதிரி.

எல்லாத்தையும் ஆள் வச்சு மேல ஏத்தினேன். கதவைத் தட்டினேன். "கண்ணை மூடிக்கிட்டுத் திறங்க"ன்னேன், சின்னப் பொண்ணு மாதிரி. திறந்தாரு. கண்ணையும் திறந்தாரு. மூஞ்சி செத்துப் போச்சு.

"இதை ஏன் கொண்டு வந்தே?"ங்கறாரு.

"நீங்கதானே பரணைப் பாத்துப் பாத்து ஏங்கினீங்க?"

"ஏங்கினேனா? அடிப் பாவி, ரசிச்சேன்! எவ்வளவு விசாலமா இருக்கு! அந்த ஃபேனை எல்லாம் என்னிக்குப் பிரிக்கப் போறேனோன்னு ஒவ்வொரு கோடைக்கும் நெஞ்சு அடைச்சுக்கும். நீ தூக்கிப் போட்டே, எனக்கு மூச்சு வந்துச்சு. உனக்கு நன்றி சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் சும்மா இருந்தேன்"ங்கறாரு! வெக்கமாம்! பைஜாமாவோட தங்கச் சோபாவுல உக்கார வெக்கம் இல்ல. "நீ உள்ள வரலாம். இது வரக் கூடாது"ன்னாரு. "இதை விட்டுட்டு எப்படி வர்றது, திருட்டுப் போயிருமே!"ன்னேன். "போகட்டும்"னு சொல்லி தாழ்ப்பாளைப் போட்டுட்டாரு.

ஆக, சொல்லு நீ. வித்தவ நான். வாங்கினவ நான். அதுவும் அடுத்தவன் சாமானையும் சேத்து. இப்ப படியில உக்காந்து காவல் காக்கறவளும் நான். ராண்டாவுக்குப் போன் பண்ணினா, "அம்மா, நான் அனுப்புனது துணி மடிக்கிற வீடியோ, அந்த ஒரு வருஷ வீடியோ நீயே எங்கயோ அழுத்திப் பாத்தது"ங்கறா. இருக்கும். நான் எதை அழுத்தினேனோ, எது வந்துச்சோ.

சரி, அதை விடு. நல்ல பொண்ணா இருக்கே, இவ்வளவு நேரம் பொறுமையா கேட்டே, இந்தக் காலத்துல யாரு கேக்கறா? உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது. நீங்க புதுசாக் கல்யாணம் ஆனவங்க, ரெண்டே பேரு, சாமானும் கொஞ்சம்தான். உங்க வீட்டுப் பரண் காலியாத்தானே இருக்கும்? மஹ்ரூஸ் அண்ணன் சொன்னாரு, எங்க பரணை விட அது ஆழமாம். சவரச் சேரை மல்லாக்கப் போட்டாக்கூட உள்ள போயிருமாம். கொஞ்ச நாளைக்குத்தான் கண்ணு. அந்த மெக்கானிக் பய நாலு ஃபேனையும் பிரிச்சு ஒண்ணு பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்கான், அதுல வர்ற ஃபேனை நீயே...

என்ன எந்திரிச்சுட்டே? போனா? அடிக்கவே இல்லையே, எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். பாத்து, ஒயரு தடுக்கும்... ஏ நிவீன்! நிவீன்! கீழ எங்கம்மா ஓடறே? உன் வீடு மேலல்ல இருக்கு!