பேப்பர் வராத பேக்ஸ்

பழைய மிஷின்னா பேப்பரு தானா வெளிய வந்து விழும்லா, அக்கா! எடுத்தோமா, மொதலாளி டவுக்கே மேசையில வச்சோமா, முடிஞ்சது. இப்ப கம்ப்யூட்டருன்னு ஒண்ணு வந்திருக்கே... அதுல பேக்ஸு உள்ளுக்கே போயி படுத்துக்குது! நாமதான் தட்டி எழுப்பணுமாம். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கூடைய வேணா என் மடியில வைங்க. சுங்கைப்பட்டாணி பஸ்ஸுல என்னிக்கு எடம் கெடைச்சிருக்கு?

நான் ஜெனவீவ். பாக்கார் ஆராங்ல வீடு. மேசை நாற்காலி செய்யற பேக்டரியில பதினாறு வருஷமா ஆபீஸ்ல கிராணி வேலை. டைப்ரைட்டர்ல என் வேகத்துக்கு எவளும் வர முடியாது, டவுக்கேயே சொல்லுவாரு. அவரு மகன் இருக்கானே, ஆஸ்திரேலியாவுல படிச்சுட்டு வந்தவன்... வந்த உடனே பேக்ஸ் மிஷின தூக்கி ஸ்டோர்ல போட்டுட்டு, கம்ப்யூட்டருக்குள்ள ஒரு அட்டைய சொருவி, போன் வயர மாட்டிட்டான். "ஆண்ட்டி, இனிமே பிரிண்ட் எடுத்து மறுபடி பேக்ஸ்ல வைக்க வேணாம். ஒரு பட்டன் அமுக்குங்க, டென்மார்க்குக்குப் போயிடும்"ங்கறான். போவுது, இல்லங்கல. போறதெல்லாம் நல்லாத்தான் போவுது. வர்றதுதான் சூசா, ஒரே தொல்லை!

காலையில போயி மேல மூடியிருக்கற துணிய எடுத்தா, பச்சை எழுத்துல நிக்கும். 'புதுசா ஆறு வந்திருக்கு, பிரிண்ட் எடுக்கவா, யெஸ்ஸா நோவா?' யெஸ்ஸ அமுக்குனா போதும், அந்தப் பிரிண்டரு ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம் கர்ரு கர்ருன்னு மண்டைக்குள்ள ஆணி அடிக்கும். நடுவுல பேப்பரு கோணிக்கும். அதுக்குள்ள போன் அடிக்கும், டவுக்கே கோப்பி கேப்பாரு... அப்பறம் பாத்துக்கலாம்னு நோவ அமுக்கிடுவேன். எங்க போயிடப் போவுது, உள்ளதானே கெடக்கு? ...தெனமுமா? தெனமும் இல்லக்கா. பாதி நாளு.

அழகேசன்னு ஒருத்தன், மரம் அறுக்கற பகுதிக்கு மண்டோரு, ஆளுங்கள வேலை வாங்கறவன். நல்ல புள்ள. எந்த ஆர்டரா இருந்தாலும் அறுக்கறதுக்கு முன்னாடி, ஒடம்பெல்லாம் மரத்தூளோட ஆபீஸ் கதவுகிட்ட வந்து, "அக்கா, ஏதாச்சும் மாத்தி எழுதியிருக்கானா?"ன்னு கேட்டுட்டுத்தான் போவான். அன்னிக்கும் கேட்டான். "ஒண்ணும் வரலடா, போய் அறு"ன்னேன். டென்மார்க்காரனுக்கு அறுநூறு மேசை. காலு இருபத்தேழு அங்குலம்.

ரெண்டு வாரம் கழிச்சு, கப்பல்ல ஏத்தறதுக்கு முன்னாடி சரக்கைப் பாக்கணும்னு டென்மார்க்காரனே வந்துட்டான். டேப்ப வச்சு அளந்தான். மூஞ்சி செவந்து போச்சு. "இருபத்தொம்போதுன்னு மாத்தச் சொல்லி ஏழாந்தேதியே பேக்ஸ் அனுப்பிச்சேனே!"ங்கறான். நீளமா இருந்தாலாவது அறுத்துடலாம். அறுத்தத ஒட்ட முடியுமா?

டவுக்கே என்னைப் பாத்தாரு. "பேக்ஸ் வந்துச்சா? அழகேசன்கிட்ட குடுத்தியா?"

நான்... ஆமான்னு தலைய ஆட்டிட்டேன்க்கா. பொய்யின்னு சொல்ல முடியாது, நான்தான் வாயே தொறக்கலியே! அழகேசன் என்னையே பாத்தான். "அக்கா..."ன்னான். அவ்வளவுதான். அன்னிக்கே அவனை வேலையிலருந்து தூக்கிட்டாங்க.

ஏன், அவன் பேசியிருக்கலாமில்ல? 'எனக்குக் குடுக்கவே இல்ல'ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா நானும் ஏதாச்சும் சொல்லியிருப்பேன். கல்லு மாதிரி நின்னா? யாரு தப்பு, நீங்களே சொல்லுங்க!

மறுநாளு மிஷின்ல தேடிப் பிடிச்சு யெஸ்ஸ அமுக்குனேன். இந்தா, இதுதான்... கைப்பையிலயே கெடக்கு. மேல பாருங்க, வந்தது எண்பத்தொம்போது ஆகஸ்ட் ஏழு. பிரிண்ட் எடுத்தது இருபத்திரெண்டு. ரெண்டையும் போட்டுருது, சனியன்! டவுக்கே இத ஒரு பார்வை பாத்தாப் போதும்.

அழகேசன் பொண்டாட்டி புஷ்பவள்ளியும் எங்க பேக்டரிதான், மரம் தேய்க்கற பகுதி. அவ வந்து நாலு கேள்வி கேட்டிருந்தாக்கூட பரவால்ல. நேத்து என் கைய பிடிச்சுக்கிட்டு, "அக்கா, நீங்க சொன்னா டவுக்கே கேப்பாரு. எங்க வீட்டுக்காரருக்காக ஒரு வார்த்தை பேசுங்கக்கா"ங்கறா. அவகிட்டகூட அவன் ஒண்ணும் சொல்லல போலருக்கு. கைய உருவிக்கவும் முடியல எனக்கு.

பாவசங்கீர்த்தனத்துல பாதர்கிட்ட சொல்லியாச்சு. "என்கிட்ட சொன்னது போதாதும்மா, அவன்கிட்ட போய் சொல்லு"ன்னுட்டாரு. லேசா சொல்லிட்டாரு. அவரு ஆபீஸ்ல கம்ப்யூட்டரா இருக்கு?

அதான் லீவு போட்டுட்டு கெளம்பிட்டேன். சுங்கை லாலாங்லதான் அவன் வீடு. நேரா போறேன், பேப்பரைக் கையில குடுக்கறேன், "வாடா, டவுக்கேகிட்ட போவோம், நான் சொல்றேன்"னு கூட்டிட்டு வந்துடறேன். வேலை போனா போவட்டும். பதினாறு வருஷம் செஞ்சாச்சு, போதும்!

என்னக்கா, எந்திரிக்கறீங்க? சுங்கை லாலாங்கா? அதுக்குள்ளயா! ...நீங்களும் இங்கதானா. சரி, கூடைய பிடிங்க. நீங்க மொதல்ல எறங்குங்க, எனக்கு முட்டி வலி, மெதுவாத்தான்... வெயிலப் பாருங்க, எப்படி அடிக்குதுன்னு. இந்த நேரத்துல அவன் வீட்டுலயா இருக்கப் போறான்? வேலை தேடிப் போயிருப்பான். பாவம், வீணா அலைஞ்சு... போங்கக்கா, நீங்க போங்க.

என்னண்ணே? நான் எறங்கலியாவா? இல்லண்ணே, பஸ்ஸ எடுங்க. அடுத்த ஊரு பீடோங் வரைக்கும் ஒரு டிக்கெட் குடுங்க.