பாதியில் நின்ற விஷம்

உக்காருங்க சார். தண்ணியா? அந்த பாட்டில்ல இருக்கறது லாரித் தண்ணி, தைரியமா குடிங்க. அந்த மொட்டைக் கடுதாசியை யார் எழுதினதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, நீங்க மூணு விஷயம் தெரிஞ்சுக்கணும். வரிசையா சொன்னாத்தான் எனக்கு வரும்.

ஒண்ணு, இந்த எடத்துல முன்னாடி இரும்புச் சாமானுக்கு எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கற பட்டறை இருந்துச்சு. அவங்க கழுவி ஊத்தின குளோரின் சரக்கு மண்ணுக்குள்ள எறங்கி, தெருக்கோடிக் கெணறு வரைக்கும் போயிடுச்சு. ரெண்டு, காத்தே இல்லாத ஆழத்துல ஒரு கிருமி இருக்கு. நாம மூச்சு விடற மாதிரி, அது அந்தச் சரக்குலேருந்து குளோரினை ஒவ்வொண்ணா கழட்டி விடும். அதை வெச்சு மண்ணைச் சுத்தம் பண்ணத்தான் இந்த ஆபீஸ்; தீனிக்கு நாங்க வெல்லப்பாகு ஊத்துவோம். மூணு, பக்கத்துலயே இன்னொரு கிருமிக் கூட்டம். அதுக்கு சல்பேட் கெடைச்சா போதும், முண்டியடிச்சு வந்து தீனி மொத்தத்தையும் வழிச்சுடும். நம்ம கிருமி பாதி வேலையில பட்டினி. பாதி வேலைன்னா லேசுல நெனைக்காதீங்க. மொதல் விஷம் போயிடும், அதைவிட மோசமான விஷம் வந்து நிக்கும்.

சல்பேட் எங்கேருந்து வந்துச்சா? ஜன்னல்ல பாருங்க. புல்வெளி கண்ணைப் பறிக்குதா? மேலிடத்துலேருந்து பார்வையிட வர்றாங்கன்னு, டைரக்டர் புல்லுக்கு உரமா நாப்பது மூட்டை ஜிப்சம் போடச் சொன்னார். ஜிப்சத்துல பாதிக்கு மேல சல்பேட்தான். தண்ணியும் விடாம பாய்ச்சினாங்க. சோதனைக் கெணறு புல்லுக்கு நடுவுல இருக்குன்னு தோட்டக்காரர் ஞாபகப்படுத்தினாராம். அதுக்கும் பச்சை பெயின்ட் அடிக்கச் சொன்னாராம் டைரக்டர்.

பார்வையிட வந்த அன்னிக்கு அழுகின முட்டை நாத்தம். அந்த ரெண்டாவது கூட்டம் விடற வாயு அது. டைரக்டர் கேண்டீன்காரரைத் தூக்கிட்டார்.

எங்க படிவத்துல ஒரே கட்டம். மொதல் விஷம் எவ்வளவு? பூஜ்யம். பொய்யில்லையே? தண்ணி குடிக்கலாம்னு சான்றிதழ் போச்சு. லேப் தலைவின்னு கையெழுத்து என்னோடது. பாக்க அழகா இருக்கணும்னு மத்த கட்டங்களை எடுத்ததும் நான்தான், பன்னெண்டு வருஷம் முன்னாடி.

நாத்தம் மனசை உறுத்துச்சு. முழுசா சோதிச்சுப் பாத்து, அந்த மோசமான விஷம் இருக்குன்னு டைரக்டருக்கு மூணு தடவை எழுதிக் குடுத்தேன். குடுத்த சான்றிதழைத் திருப்பி வாங்க விதியில எடமில்லம்மா, வெளியிலேருந்து புகார் வந்தாப் பாக்கலாம்னார். அந்தத் தெருக்கோடிக் கெணத்துல பதினேழு வீடு குடிக்குது சார். அதுல ஒண்ணு என் நாத்தனார் வீடு. அண்ணி, நீங்க கையெழுத்துப் போட்ட தண்ணின்னுதான் கொழந்தைக்கே குடுக்கறேன்னு சொன்னா. அவளை அன்னிக்கே நிறுத்தச் சொல்லிட்டேன். மத்த பதினாறு வீட்டுக்கதவையும் நான் போய்த் தட்டினா, ஆபீஸ் ரகசியத்தை வெளியில சொன்னேன்னு வேலை போயிடும்.

கடுதாசி வந்தப்புறம் முடிவானதை எழுதிக்கங்க. கெணத்துக்குப் பூட்டு போட்டாச்சு. தெருவுக்கு லாரித் தண்ணி வருது. கேண்டீன்காரரைத் திரும்பக் கூப்பிடல. படிவத்துல நாலு கட்டம் வந்தாச்சு. ஜிப்சம் நிக்கல, மாசக் கடைசியில மறுபடியும் பார்வையிட வர்றாங்க. விசாரணைக்கு உங்களைப் போட்டிருக்காங்க, விஷம் எப்படி வந்துச்சுன்னு கேக்க இல்ல, கடுதாசி யாரோடதுன்னு கேக்க. அதுல ஒரு எழுத்துப் பிழைகூட இல்லன்னு டைரக்டர் ஆச்சரியப்பட்டாராமே?

இருக்காது சார். தபால்ல போடறதுக்கு முன்னாடி மூணு தடவை திருத்தினேன்.