பூசணம் பிடித்த போத்தல்கள்

பால் இல்லாவிட்டாலும் இந்தப் பிளேன்டீ நன்றாக இருக்கிறது, சேர். கோப்பையைத்தான் இன்னும் கொஞ்சம் தேய்த்துக் கழுவியிருக்கலாம். குறை சொல்லவில்லை, திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை செய்து என் கண் அப்படிப் பழகிவிட்டது.

மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே எங்கள் கூடம். ஓர்க்கிட் பூச்செடித் துளிரின் நுனியை வெட்டிக் கண்ணாடிப் போத்தலுக்குள் சத்துக் கூழில் வைப்போம். அது கிளைத்து, ஒரே மாதிரிச் செடிகளாகப் பெருகும். கண்ணுக்குத் தெரியாத பூசணத் தூள் ஒன்று விழுந்தாலும் போத்தல் முழுக்கப் பஞ்சு பூத்துவிடும். வெள்ளையில் ஊதாக் கோடு ஓடும் ஓர் இனம் என் பொறுப்பில் இருந்தது. பெண்டாட்டி பிள்ளை இல்லாத எனக்கு அதுதான் எல்லாம்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து நிஷாலினி வேலைக்கு வந்த பிறகுதான் என் போத்தல்களில் பூசணத்தைப் பார்த்தேன். நல்ல பிள்ளை, என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். ஆனாலும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். தலையில் பூ வைக்காதே என்றேன், வைக்கவில்லை. போத்தலைத் திறந்துகொண்டு பேசாதே என்றேன், வாயை மூடிக்கொண்டாள். சொன்னதையெல்லாம் உடனே கேட்கிற ஆளை நீங்கள் நம்புவீர்களா?

அவளுடைய போத்தல்களைத் தனித் தட்டில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பூசணம் இல்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. தன்னுடையதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு என்னுடையதில் கை வைக்கிறாள்.

முதலாளி அலவிக்கு அது விளங்கவில்லை. "ஜெயரூபன், அந்த வெள்ளைய இனி நிஷாலினி பார்க்கட்டும்," என்றார். சரிங்க என்றேன்.

எப்போதாவது ஒரு சனிக்கிழமை மத்தியானம் பூசணத்தைக் கொல்ல அறைகளை அடைத்து மருந்துப் புகை போடுவோம். அந்தப் புகையில் மனுசன் நின்றால் உயிர் தப்பாது. யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே போவோம். வாசல் வெறுமையாக இருந்தால் அறையும் வெறுமை. கதவைப் பூட்டுவது என் வேலை.

அன்றைக்கு வாசலில் ஒரு சோடி இருந்தது, நீல வார் வைத்தது. புகை படுமுன் வெள்ளை இனத்தை வெளியே எடுத்துவைக்க நிஷாலினி உள்ளறைக்குப் போயிருந்தாள். பாதித் தட்டுகளை எடுத்தும் வைத்துவிட்டாள். நான் அந்தச் செருப்பை எடுத்துத் தூசி தட்டி, வீட்டுக்குப் போகிறவர்கள் கழற்றி வைத்துவிட்டுப் போகும் செருப்புகளோடு ராக்கைத் தட்டில் வைத்தேன். முன்னறையில் மருந்துச் சட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்.

"அண்ணே, நான் உள்ள இருக்கேன். கதவத் தொறங்க."

கைப்பேசி உள்ளே கொண்டுபோகக் கூடாது, கிருமி ஒட்டும். அது நான் போட்ட சட்டம். கொஞ்ச நேரம் தட்டினாள். நான் கதவிடுக்குகளில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பாதியில் விட்டால் புகை கசிந்துவிடும்.

அவள் உடலை வெளியே எடுத்த பிறகு, ராக்கையில் செருப்பைப் பார்த்துவிட்டு, அவளே மாற்றி வைத்திருப்பாள், தவறிப் போய் நடந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் அம்மா கலாராணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், பொய் அழுகை இல்லை.

அவள் வெளியே எடுத்துவைத்த செடிகள்தான் பிழைத்தன. முதலாளி அவற்றை என்னிடமே தந்தார். புதுப் போத்தல், புதுக் கூழ், என் கையைத் தவிர வேறு கை படவில்லை. போன கிழமை பார்த்தால் எல்லாவற்றிலும் பூசணம்.

நான் சந்தேகப்பட்டது சரிதான், சேர். செத்துப்போயும் அவள் விடவில்லை.